படைவீரர்களுக்குக் கிடைக்கும் மரியாதை உதவியாகவும் மாறுகிறதா?

பழைய சிப்பாய்:
நேற்று முன்தினம் ஒரு பள்ளி விழாவில் என்னை மேடையேற்றினார்கள். ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்துத்தான் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். 19 ஆண்டுகள் பீரங்கிப் படையில் இருந்தவன் நான். இடது காது அறவே போய்விட்டது. வலது காதில் இரவும் பகலும் ஓர் இரைச்சல்.

அன்று மாலை வீடு திரும்பியபோது கடிதம் வந்திருந்தது. காது கேட்கும் கருவிக்கும் இயலாமை ஓய்வூதியத்துக்கும் நான் கொடுத்த விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறார்கள். கேள்திறன் இழப்பு பணியின்போது ஏற்பட்டது என்பதற்குப் போதிய ஆவணம் இல்லையாம். 19 ஆண்டுகள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காது போனதற்கு இனி எந்த ஆவணத்தைத் தேடிப் போவது?

அந்தப் பிள்ளைகள்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் மனதாரத்தான் தட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டலும் இந்தக் கடிதமும் ஒரே நாளில், ஒரே சமூகத்திடமிருந்து எனக்கு வந்தன. இரண்டுக்கும் இடையில் ஏதாவது தொடர்பு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதேடி:
ஐயா, இது 2000 ஆண்டுப் பழைய கேள்வி. ரோமில் வெற்றி ஊர்வலம் என்றால் நகரமே திரளும். ஆனால் பணி முடித்த படைவீரனுக்கு எதைக் கொடுத்து அனுப்புவது என்பதற்கு நெடுங்காலம் நிலையான ஏற்பாடு கிடையாது. கி.பி. 6-ஆம் ஆண்டில்தான் பேரரசர் அகஸ்டஸ் படைவீரர்களுக்கென்று தனிக் கருவூலம் அமைத்தார். தன் சொந்தப் பணத்தில் 17 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போட்டார். அது வற்றாமல் இருக்க, வாரிசுச் சொத்துக்கு 5 விழுக்காடும் ஏல விற்பனைக்கு 1 விழுக்காடும் வரி விதித்தார். அந்த வாரிசு வரியைத்தான் ரோமின் செல்வர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். படை அவர்களுக்கு வேண்டியிருந்தது, செலவு வேண்டியிருக்கவில்லை.

கருவூலம் வந்த பிறகும் வீரர்களைக் காலம் கடந்து பணியில் பிடித்து வைப்பது நிற்கவில்லை. கி.பி. 14-இல் ரைன் ஆற்றங்கரைப் படைகள் கலகம் செய்தன. சமாதானம் பேச வந்த தளபதி ஜெர்மானிக்கஸின் கையை முத்தமிடுவதுபோலப் பற்றி, சிலர் அவருடைய விரல்களைத் தங்கள் வாய்க்குள் விட்டார்கள். பல் இல்லாத ஈறைத் தொட்டுப் பார்க்கட்டும் என்பதற்காக. இதைப் படித்த நாளிலிருந்து, ஆவணம் கேட்கும் அலுவலகங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

நம் நடுகற்களையும் பார்க்கலாம். போரில் இறந்தவனின் உருவத்தைக் கல்லில் செதுக்கி நட்டார்கள். அதோடு அவன் குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தியும் கல்வெட்டுகளில் வருகிறது. உதிரப்பட்டி, இரத்தக்காணி என்று அந்த நிலத்துக்குப் பெயர். கல் அவனுக்கு, காணி அவன் பிள்ளைகளுக்கு.

நேர்கேள்வி:
பழைய சிப்பாய் ஐயாவுக்கு நடந்தது அநீதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் தூசி படிகிறது. கழிவுநீர்க் குழியில் இறங்கியவர் மூச்சுத் திணறி இறக்கிறார். அவர்களில் பலருக்கு மேடையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. படைவீரருக்கு மட்டும் தனி உரிமை என்று நாம் பேசும்போது அவர்கள் எங்கே போவார்கள்?

இன்னொன்றும் தோன்றுகிறது. ஒருவரை மாவீரர் என்று உயர்த்திவிட்டால், அவர் காது கேட்கும் கருவி கேட்டு வரிசையில் நிற்பதே நமக்கு உறுத்தலாகிவிடுகிறது. வீரர் குறை சொல்லலாமா, தியாகத்துக்கு விலை பேசலாமா என்கிறோம். தொழிலாளி என்று அழைத்திருந்தால் இழப்பீடு அவருடைய உரிமை என்றாவது ஆகியிருக்கும். அந்த மரியாதையே அவர் வாயைக் கட்டுகிறது என்பது என் எண்ணம்.

பழைய சிப்பாய்:
நண்பரே, உங்கள் இரண்டாவது பத்தியை நான் நான்கு முறை படித்தேன். விண்ணப்பம் எழுதவே எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. எழுதினால் கையேந்துவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கழிவுநீர்க் குழியில் இறங்குகிறவருக்குக் கொடுப்பதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவருக்கும் சேர்த்தே கேட்போம்.

கணக்குப்பிள்ளை:
26 ஆண்டுகள் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் உங்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

பல நாடுகளில் விதி மூன்று கேள்விகளைக் கேட்கும். இந்த நோய் பணியால் வந்ததா? சேரும்போதே இருந்ததா? இருந்திருந்தால் பணியால் மோசமானதா? இவற்றுக்கு விடை சொல்ல என் மேசையில் இருந்தவை சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை, இடையில் உள்ள சிகிச்சைக் குறிப்புகள், விடைபெறும்போது எடுத்த பரிசோதனை ஆகியவை மட்டுமே. கடைசித் தாளில்தான் ஆயிரக்கணக்கானோர் தோற்றுப்போனார்கள். விடைபெறும் நாளில் யாரும் குறை சொல்வதில்லை. சொன்னால் மீண்டும் பரிசோதனை, மேலும் இரண்டு வாரம் முகாமில் தங்கல். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ‘குறை எதுவும் இல்லை’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கையெழுத்தை எடுத்து நான் அவர்களுக்கு எதிராக வைத்திருக்கிறேன். அப்படி எத்தனை கோப்புகளில் குறிப்பு எழுதினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

ஆவணம் அழிந்துபோவதும் உண்டு. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் பணிப்பதிவேடுகள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. மாற்றுப் பிரதியும் இல்லை, எவையெல்லாம் இருந்தன என்ற முழுப் பட்டியலும் இல்லை. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 விழுக்காடு அதில் போயிற்று. அந்த மனிதர்கள் இரண்டு உலகப் போர்களில் நின்றவர்கள். தாங்கள் அங்கே இருந்ததையே மீண்டும் நிறுவ வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

இதற்கு மாற்றுவழி உண்டு. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றியவருக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால், அது பணியால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்வது. நிரூபிக்கும் சுமை வீரரின் தோளிலிருந்து இறங்கிவிடும். வியட்நாமில் 1962 முதல் 1971 வரை ஏஜென்ட் ஆரஞ்ச் உள்ளிட்ட களைக்கொல்லிகளைத் தூவினார்கள். அவற்றுக்கு ஆளான அமெரிக்க வீரர்களுக்கு இத்தகைய சட்டம் 1991-இல் வந்தது. தூவி முடித்து 20 ஆண்டுகள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பையைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022-இல் வந்தது. அந்த இடைவெளியில் இறந்தவர்கள் ‘ஆவணம் போதாது’ என்ற வரியோடு இறந்தார்கள்.

பழைய சிப்பாய் ஐயா, மேல்முறையீட்டில் உங்களோடு அதே பீரங்கியில் நின்ற ஒருவரின் சாட்சிக் கடிதத்தை வையுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பயிற்சிக்களம், காதுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்களா, சுட்ட பிறகு எத்தனை நாள் காது அடைத்திருந்தது என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். ‘இவர் நல்ல வீரர்’ என்று எழுதும் கடிதத்தால் பயன் இல்லை. அப்படிப்பட்டவை எங்களுக்குக் கட்டுக்கட்டாக வரும்.

வெண்சட்டை:
நான் மறுவாழ்வு வார்டில் செவிலியாக இருக்கிறேன். கால் இழந்த ஒருவர் செயற்கைக் கால் பொருத்தி முதல் அடி எடுத்து வைக்கும் நாளில் வார்டுக்குள் நிற்க இடம் இருக்காது. புகைப்படக்காரர்கள், அதிகாரிகள், பூங்கொத்து. அந்த மகிழ்ச்சி உண்மையானது. நானும் அழுதிருக்கிறேன்.

ஆனால் மூன்றாவது மாதத்தில் யாரும் வருவதில்லை. அறுவைக்குப் பிறகு எஞ்சிய கால் பகுதி முதல் ஓராண்டில் சுருங்கிக்கொண்டே வரும். இன்று பொருந்திய செயற்கைக் காலின் குழி நாளை தளரும். தளர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும். புண் ஆறும்வரை காலைக் கழற்றி வைக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாது. எடை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி அளவெடுக்க வேண்டும். 22 வயதில் காலை இழந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் எத்தனை கால்கள் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு, இல்லாத பாதத்தில் நள்ளிரவில் எரிச்சல் எடுக்கும். அங்கே ஒன்றும் இல்லையே என்று சொல்லும் உறவினருக்கு அதைப் புரிய வைப்பதே தனிப் பாடு.

விழாவில் ஒரு கால் கொடுப்பது எளிது. ஐந்தாவது காலுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ஏடுதேடி:
வெண்சட்டை அம்மா சொன்ன ‘பிறகு’ என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு 1924-இல் சிறப்புத் தொகை அறிவித்தார்கள். கையில் பத்திரம் கொடுத்தார்கள், முழுப் பணம் 1945-இல். நடுவில் பெரும் பொருளாதார மந்தம். வேலை இழந்த முன்னாள் வீரர்கள் 1932 கோடையில், அந்தப் பணத்தை இப்போதே கொடுங்கள் என்று வாஷிங்டனுக்கு வந்து முகாமிட்டார்கள். வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். மனைவி மக்களோடு 40,000-க்கும் மேல். ஜூலை 28 அன்று குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் வந்தன, கூடாரங்கள் எரிந்தன. அந்தப் படையை நடத்தியவர் அப்போதைய தரைப்படைத் தலைவர் டக்ளஸ் மக்ஆர்தர். பணம் 1936-இல்தான் கிடைத்தது.

இந்தியாவிலும் ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை 1970-களிலிருந்து இருந்தது. 2015-இல் முன்னாள் படைவீரர்கள் தில்லியின் ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் அமர்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று அறிவிப்பு வந்தது. பதக்கத்துக்காக யாரும் தெருவில் அமர வேண்டியதில்லை. ஓய்வூதியத்துக்காக அமர வேண்டியிருக்கிறது.

நேர்கேள்வி:
ஆனால் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறதே. அதே அமெரிக்கா 1944 ஜூனில், போர் முடிவதற்கு முன்பே, திரும்பி வருவோருக்குப் படிப்பும் வீட்டுக் கடனும் வேலையில்லாக் கால உதவியும் சட்டமாக்கியது. 12 ஆண்டுகளில் 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். 1932-இன் அவமானம் அவர்களுக்கு மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஏடுதேடி:
அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடனும் கல்லூரி இடமும் உள்ளூர் வங்கியின் கையிலும் உள்ளூர்க் கல்லூரியின் கையிலும் இருந்தன. 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தில் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த 3,000-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. சீருடையில் இருந்த வரைக்கும் அவர்களும் வீரர்கள்தாம்.

பிரான்சுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்க வீரர்களின் கதை இன்னும் கொடியது. ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து மீண்டவர்கள், 1944 டிசம்பர் 1 அன்று செனகலில் தாக்கருக்கு அருகே தியாரோய் முகாமில் தங்கள் நிலுவைச் சம்பளத்தைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டது. இறந்தோர் 35 பேர் என்றது அன்றைய அரசுக் கணக்கு. அதைவிட மிக அதிகம் என்று வரலாற்றாய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பிறகு 1959-இல் முன்னாள் காலனி வீரர்களின் ஓய்வூதியத்தை உயராமல் உறைய வைத்தார்கள். ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் பிரெஞ்சுக்காரருக்கு ஆண்டுதோறும் உயர்ந்தது, ஆப்பிரிக்கருக்கு நின்றுவிட்டது. முழுச் சமநிலை அறிவிப்பு 2010-இல் வந்தது. தியாரோயில் இறந்தவர்களில் ஆறு பேரைப் பிரான்சுக்காக இறந்தவர்கள் என்று அந்நாடு ஏற்றது 2024-இல். இங்கே மரியாதையும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஒன்று கிடைத்துவிடுவதால்தான் மற்றொன்று மறுக்கப்படுகிறது என்று நாம் பேசிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

மலர்க்கொடி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மரியாதை எளிது, உதவிதான் அரிது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

என் கணவர் போரிலிருந்து உயிரோடு திரும்பினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு விடியற்காலையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த ஏழு ஆண்டுகளும் அவர் சுவர்ப்பக்கம் முதுகை வைத்துத்தான் உட்காருவார். கதவு அறைந்தால் மேசைக்கு அடியில் போய்விடுவார். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்து அவரோடு ஒளிந்துகொள்வார்கள். அவர் பெயர் எந்த நினைவுச் சின்னத்திலும் இல்லை. நினைவு நாளில் எங்களை யாரும் அழைப்பதில்லை. அலுவலகத்தில், மரணம் பணியின்போது நிகழவில்லை என்றார்கள்.

எனக்கு வரும் தொகையைவிட, இந்தப் போர்தான் அவரைக் கொன்றது என்று யாராவது ஒருவர் எழுத்தில் சொன்னால் போதும் என்று சில இரவுகளில் தோன்றும். மகனுக்கு அதைக் காட்ட வேண்டும். தந்தை தங்களை விட்டு ஓடிப்போனார் என்று அவன் நினைக்கிறான்.

வெண்சட்டை:
அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், அது ஓட்டம் இல்லை, காயம். மருத்துவ உலகமே அதை ஒப்புக்கொள்ளத் தாமதித்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெற்றது 1980-இல். அதற்கு முன் பல நேரம் கோழைத்தனம் என்றார்கள். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் வீரர்கள் 306 பேரைத் தானே சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் மனம் சிதைந்தவர்கள். ஊர் நினைவுத் தூண்கள் பலவற்றில் அவர்கள் பெயரை விட்டுவிட்டார்கள். 2006-இல் மன்னிப்பு வழங்கும் சட்டம் வந்தபோது அவர்களுடைய பிள்ளைகளே முதுமையின் எல்லையில் இருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் படைவீரர் தற்கொலைகளை விசாரிக்க 2021-இல் ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். மகன்களை இழந்த தாய்மார் விடாமல் கேட்டதால் வந்தது அது. நிலுவையில் 40,000-க்கும் மேற்பட்ட இழப்பீட்டு விண்ணப்பங்கள் தேங்கிக் கிடப்பதையும், அந்தக் காத்திருப்பே மனிதர்களை நொறுக்குவதையும் அது 2022-இல் எழுதியது. 2024-இல் இறுதி அறிக்கையில் 122 பரிந்துரைகள். அந்தத் தாய்மார் எழுத்தில்தான் கேட்டார்கள், எழுத்தில்தான் வாங்கினார்கள். நீங்கள் கேட்பது பெரிய ஆசை இல்லை அம்மா.

கணக்குப்பிள்ளை:
மலர்க்கொடி அம்மா, உங்கள் கணவருக்கு அந்த ஏழு ஆண்டுகளில் எங்காவது சிகிச்சை நடந்ததா? ஒரே ஒரு மருந்துச் சீட்டு, தூக்க மாத்திரை எழுதியதாக இருந்தாலும், எடுத்து வையுங்கள். பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிந்ததை அப்படியே எழுதுங்கள், நாள் தெரியாவிட்டால் மகன் அப்போது எந்த வகுப்பில் படித்தான் என்று குறிப்பிடுங்கள். வரைவை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம்.

புதுநடை:
அடுத்த மாதம் நான் பயிற்சிக்குப் போகிறேன். இந்த இழையை அம்மா படித்துவிட்டால் என்னை அனுப்ப மாட்டார். போக வேண்டும் என்பதில் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன். இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் பெரியவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, சேரும்போது எடுக்கும் காது, கண், நுரையீரல் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வை. அடிபட்டால், சிறு காயம் என்று மருந்தாளரிடம் வாய்வழியாக மருந்து வாங்கிப் போய்விடாதே. பதிவேட்டில் எழுதினார்களா என்று பார். உன் பிரிவில் இருப்பவர்களின் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. விடைபெறும் நாளில் வீட்டு நினைப்பில் கையெழுத்துப் போடாதே. இரண்டு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

பழைய சிப்பாய்:
தம்பி, காதுக்கு அடைப்பான் கொடுத்தால் போட்டுக்கொள். எங்கள் காலத்தில் அதைப் போட்டவனைப் பார்த்துச் சிரிப்போம். நானும் சிரித்தேன்.

பழைய சிப்பாய்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி என்னோடு ஒரே பீரங்கியில் குண்டு ஏற்றியவரைத் தேடினேன். இரண்டு பழைய தொலைபேசி எண்களும் இல்லை. கடைசியில் இன்னொரு நண்பரின் மகள் மூலம் கிடைத்தார். தொலைபேசியில் பேசிப் பயனில்லாமல் போயிற்று. நான் கத்துகிறேன், அவர் என்ன என்ன என்கிறார். பிறகு அவர் மருமகள் வாங்கி, மாமாவுக்கு இரண்டு காதும் கேட்காது, செய்தியாக அனுப்புங்கள் என்றார்.

நேற்று அவருடைய கடிதம் வந்தது. நான்கு பக்கம். பயிற்சிக்களம், ஆண்டு, ஒரு நாளில் எத்தனை குண்டு என்று எல்லாம் நினைவில் வைத்திருக்கிறார். இரவுச் சுடுதல் முடிந்து நான் அவரிடம் பேசிய சைகைகளைக்கூட எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: ‘இப்படி விண்ணப்பிக்கலாம் என்று எனக்குத் தெரியாது, பதக்கம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.’

அவருடைய விண்ணப்பத்தை இன்று காலை எழுதத் தொடங்கினேன். சாட்சியாக என் கடிதமும் ஐந்து பக்கம் வரும். கணக்குப்பிள்ளை ஐயா, இரண்டையும் ஒரே நாளில் அனுப்பலாமா, அல்லது என்னுடையதற்கு எண் கிடைத்த பிறகு அவருடையதை அனுப்புவது நல்லதா?